உபயதாரர் லைப்ரரி

திருவண்ணாமலைக்கு இராமலிங்கம் கம்ப்யூட்டர் கொண்டுவந்தது 1987-ல். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில், ஏ.சி. அறையில் அது வீற்றிருந்தது. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். உள்ளே போன சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அவர் தடுக்கவில்லை.

அதில், அவரிடம் வேலை பார்த்த கஸ்தூரி ஒரு லைப்ரரி எழுதியிருந்தாள். புத்தகமல்ல, ஃபைலைத் திறக்க, மூட, படிக்க என்று சின்னச் சின்ன புரோகிராம்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து வேலையைச் செய்துவிட்டுப் போகும். பேர்தான் தொல்லை. மிஷின் வாங்க ஊர்ப் பெரிய மனுஷர்களிடம் நன்கொடை திரட்டிய இராமலிங்கம், கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒருத்தர் பேரை வைத்துவிட்டார். ஃபைலைத் திறக்க, லாட்ஜ் முதலாளி முருகையன். மூட, அரிசி மில் அருணகிரி. படிக்க, வட்டிக்கடை வெள்ளையம்மாள், அந்தம்மா கைநாட்டு.

வேலூர் கம்பெனியிலிருந்து ராமதாஸ் வந்து பார்த்தார்.

"வேலை சுத்தம். ஆனா முருகையன்னா திறக்கறதுன்னு எங்க ஆளுங்களுக்கு எப்படிங்க தெரியும்? பேரெல்லாம் ஒரே முறையா மாத்தி வைங்க. திங்கக்கிழமை வரேன். சரியா இருந்தா லைப்ரரியும் எங்களுக்கு, இந்தப் பொண்ணுக்கு வேலையும் எங்ககிட்ட."

கஸ்தூரிக்கு அந்த வேலை வேண்டும். இங்கே பாதிப் பொழுது, மிஷினுக்குக் கற்பூரம் காட்டக் கூடாது என்று சொல்வதிலேயே போனது. வாரம் முழுக்க உட்கார்ந்து மாற்றினாள்: ஃபைல் திற, ஃபைல் மூடு, ஃபைல் படி. பேரில் முதல் ஆறு இங்கிலீஷ் எழுத்தைத்தான் மிஷின் பார்க்கும், மிச்சத்தைக் கண்டுகொள்ளாது. அதனால் எல்லாவற்றையும் ஆறுக்குள் சுருக்கினாள். சனிக்கிழமை ஓட்டினாள், ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை முருகையன் மாடியேறினார்.

"ஏம்மா, என் பேரைத் தூக்கிட்டியாமே?"

"ஃபைல் திறக்கறதுன்னு பேர்லயே இருந்தாத்தாங்க புரியும்."

"புரியறதுக்கா நான் பணம் குடுத்தேன்?"

இராமலிங்கம் பதறினார். "நான் பாத்துக்கறேன் அண்ணே."

"சார், பேரை மட்டும் தொடாதீங்க. ஆறெழுத்துதான்."

"நீ வீட்டுக்குப் போம்மா. நீ வெச்ச பேரும் இருக்கும், அவர் பேரும் இருக்கும்."

டைப்ரைட்டிங் ஹையர் பாஸான அவர், அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்தார்.

திங்கட்கிழமை ராமதாஸ் முன்னால் கஸ்தூரி ஓட்டினாள். திரை முழுக்கத் தப்பு. பேர்களைப் பார்த்தாள். 'உபயம் முருகையன் ஃபைல் திற.' 'உபயம் அருணகிரி ஃபைல் மூடு.' இங்கிலீஷில் உபயம் சரியாக ஆறெழுத்து. மிஷின் கண்ணுக்கு எல்லாமே உபயம். எதைத் திறப்பது, எதை மூடுவது என்று தெரியாமல் அது முழித்தது.

"ஆறெழுத்துன்னு சொன்னேனே சார்!"

"இவ்ளோ ஜாஸ்தி விலை குடுத்து வாங்கின மிஷின், முழுப்பேரைப் படிக்காதா?"

கஸ்தூரி மேஜை டிராயரை இழுத்தாள். "சனிக்கிழமை ஃப்ளாப்பியில ஒரு காப்பி எடுத்து வெச்சேனே..."

"அதுலயும் மாத்திட்டேன். ஒண்ணுல விட்டா மரியாதையா இருக்காது பாரு."

ராமதாஸ் திரையைப் பார்த்தார். "என்னங்க, எல்லாம் ஒரே பேரா இருக்கு?"

இராமலிங்கத்துக்கு மனசு புண்பட்டது. "நீங்கதானே சார் ஒரே முறையா இருக்கணும்னீங்க!"

"ஒரு மணி நேரம் குடுங்க சார், எடுத்துடறேன்," என்றாள் கஸ்தூரி.

"நீ எடுத்துடுவேம்மா. நாளைக்கு இவர் திரும்ப வெச்சிடுவாரே." ராமதாஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வேலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

கஸ்தூரி நாற்காலியை இழுத்துப்போட்டு முதல் உபயத்தை அழித்தாள்.

"மெதுவாம்மா," என்றார் இராமலிங்கம். "முருகையன் அண்ணன் கீழதான் டீ குடிக்கிறாரு."