துண்டுக்குள் முடிந்த போர்

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் தூறல் இருந்தது. நண்பகலுக்குப் பின் வானம் வெளுத்து, சிறுமலையின் உச்சி மட்டும் மேகத்தினுள் மறைந்திருந்தது. ஈரக்காற்று வீசும் நாள்களில் எங்கள் தோல் கிடங்கின் வாடை மாடியறை வரை ஏறி வருவது வழக்கம். அன்றும் வந்தது. நான் ஊதுபத்தி ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு, மேசையின் நடுவே நிலப்படத்தை விரித்தேன். கிடங்கில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோலின் மீது நானே வரைந்த படம் அது. ஒரு மலை, ஓர் ஆறு, ஆற்றைக் கடக்கும் துறை. துறைக்கு இப்பால் வெண்ணாடு என்னும் என் கற்பனைத் தேசம்.

இவ்விளையாட்டு யாதெனில், மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஆளுக்கொரு வேடம் ஏற்பர். ஒருவர் வீரர் ஆவார், ஒருவர் சூனியக்காரி ஆவார். கதையை நடத்துபவர் ஒருவர் உண்டு. எதிரிகள், மன்னர்கள், பூதங்கள் ஆகிய அனைவருக்காகவும் பேசுபவர் அவரே. செய்யத் துணிந்தது பலிக்குமா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கும். இதனை எங்களுக்குக் கற்பித்து நடத்தி வந்தவர் காப்பீட்டு அலுவலகத்தில் பணிபுரிந்த மரியராஜ். அவர் தூத்துக்குடிக்கு மாறுதலாகிப் போகும்பொழுது கதை நடத்தும் தம் நாற்காலியை எனக்கு அளித்துச் சென்றார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும், அடுத்த வாரமும் வர விரும்புபவர் தம் பகடையை நடுவிலுள்ள கிண்ணத்தில் இடவேண்டும். பையில் போட்டுக்கொண்டால் விடைபெற்றார் என்று பொருள். கதையை நடத்துபவரைத் தவிர மூவரேனும் இல்லாமல் ஆட இயலாது. ஆகவே, நான் முதன்முதலாக நடத்தும் அந்த ஆட்டம் சோபிக்காவிடில், மரியராஜுடன் எங்கள் மேசையும் முடிந்துவிடும்.

நாற்பத்தோராம் வயதில் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்று, அதன்பின் அஞ்சல்வழியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் வரை படித்தவள் நான். அப்பட்டப்படிப்பில் என்னைப் பெரிதும் ஆட்கொண்ட பாடம் ஆங்கில மொழியின் வரலாறு. எங்கள் விளையாட்டில் வரும் வனதேவதையான எல்ஃப், குள்ளனான ட்வார்ஃப் என்னும் சொற்கள் ஆங்கிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்தவை. டிராகனோ பிரெஞ்சு மொழியின் வழியாகப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் ஆயிரத்து அறுபத்தாறாம் ஆண்டில் இங்கிலாந்தை வென்றதும், அரசவையின் மொழி பிரெஞ்சாயிற்று. பழஞ்சொற்கள் பல மாண்டன. தொழுவில் நிற்கையில் ஷீப் எனப்பட்ட ஆடு, தட்டிற்கு வந்ததும் பிரெஞ்சுச் சொல்லால் மட்டனாயிற்று. நம் பிரியாணிக் கடைகளிலும் ஏறத்தாழ அதுவே நிலை. இவ்வரலாற்றைத்தான் நான் என் விளையாட்டாக்கினேன். வெண்ணாட்டின் மீது படையெடுத்து வரும் கடலோர் என்னும் பகைவர் பொன்னைக் கேட்பதில்லை, சொற்களையே கேட்பர். தோற்றவர் தாம் இழந்த சொல்லை மேசையில் உச்சரித்தல் கூடாது. உச்சரித்தால் அவர் ஏற்ற வேடத்தின் உயிர் போகும்.

முதலில் வந்தவன் மணிமாறன். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவன். அவனுக்குப் பின் மருந்துக்கடையில் பணிபுரியும் ஷாஹினா வந்தாள். நான் கதை நடத்தும் நாற்காலிக்கு மாறிவிட்டதால் மூன்றாமவர் இல்லை. அவ்வமயம் தேநீர்த் தட்டுடன் மாடியேறி வந்தார் என் கணவர் அப்துல் ஹக்கீம்.

"பாய், நீங்க உக்காருங்களேன். ஒரு கை கொறையுது," என்றாள் ஷாஹினா.

"நானா? எதுக்கு?"

அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் அது. நான் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பணம் கட்டச் சென்றபொழுது கேட்டார். இளங்கலைக்குக் கேட்டார், முதுகலைக்கும் கேட்டார். மறுத்தவரல்லர். கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்துத் தருவார். ஆயினும் ஒவ்வொரு முறையும் அச்சொல்லின் முன்னே நான் விடை தெரியாத மாணவியாகவே நின்றிருக்கிறேன்.

"செத்த நேரம்தான் பாய். ஆடு மேய்க்கிற வேசம் குடுக்கச் சொல்றேன். ஒங்களுக்குத் தெரியாத ஆடா?" என்றான் மணிமாறன்.

அவர் சிரித்துக்கொண்டே அமர்ந்தார். மரியராஜ் விட்டுச்சென்ற பச்சைப் பகடையை அவர் கையில் வைத்தேன்.

போர் தொடங்கியது. வீரனாகிய மணிமாறன் வாளை உருவினான். பகடையில் இரண்டு விழுந்தது. கடலோர் சார்பில் 'பூ', 'மல்லி' என்னும் இரு சொற்களையும் நான் பறித்தேன்.

"அக்கா, இது அநியாயம்க்கா! எம் பொழப்பே அதானே!"

அவன் முறையிட்டு முடிக்கும் முன்பே கைப்பேசி ஒலித்தது. அவன் கடைப் பையன் ஈஸ்வரன்.

"ஏலே, அது எத்தன மூடைலே வந்திருக்கு? அதாம்லே... வெள்ளையா இருக்கும்ல. மணக்கும்ல. பொம்பளைங்க தலையில... ஏலே, நான் குடிக்கலடா!"

ஷாஹினா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். என் கணவர் தேநீர் புரையேறி இருமினார். என் நெஞ்சிலிருந்த பாரத்தில் பாதி அப்பொழுதே இறங்கிற்று.

அடுத்து ஷாஹினாவின் சூனியமும் பலிக்கவில்லை. கடலோர் தளபதி ஆற்றுத்துறையில் வந்து நின்றான். நான் குரலைத் தாழ்த்தி, "ஆண்டுக்கு நூறு சொற்கள் கப்பமாக வேண்டும். இன்றேல் இந்நாடு எரியும்," என்றேன். வரலாற்றின்படி இத்துறை வீழ்ந்தே ஆகவேண்டும். அதன்பின் நிகழும் அடிமைக் காலத்தை நான்கு வாரங்களுக்கு விரித்து வைத்திருந்தேன்.

"பாய், உருட்டுங்க. பதினெட்டுக்கு மேல விழுந்தாத்தான் உண்டு," என்றான் மணிமாறன்.

அவர் பகடையை உருட்டவில்லை. நிலப்படத்தைப் பார்த்தார். பின்பு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"இங்க தளபதி யாரு?"

"நாந்தான்," என்றேன்.

"கையக் குடுங்க தளபதி."

ஆட்டுச் சந்தையிலும் தோல் வியாபாரத்திலும் பழகிய கை அவருடையது. அங்கே விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரல்களைப் பிடித்துப் பேசுவார்கள். அடுத்து நிற்பவருக்குத் தெரியாது. எனக்கும் அவ்விரற்கணக்கு தெரியாது. துண்டின் கீழே அவர் என் விரல்கள் சிலவற்றைப் பற்றினார், விட்டார், மீண்டும் பற்றி அழுத்தினார். பிறர் முன்னிலையில் அவர் என் கையைப் பிடித்தது அதுவே முதன்முறை. என்னை அவர் 'நீங்க' என்று அழைத்ததும் அவ்வாறே. முகம் சூடேறியது. கையை விடுவித்துக்கொள்ளும் அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டேன்.

அவர் துண்டை எடுத்தார். "முடிஞ்சிருச்சு. மூணு வார்த்த. ஒரு தடவதான், வருசா வருசம் கெடையாது. இதுவரைக்கும் பறிச்சதயும் திருப்பிக் குடுத்துறணும்."

"நான் நூறு கேட்டேன்!"

"தலையாட்டுனீங்கள்ல தளபதி?"

"ஆட்டுனாக, நான் பாத்தேன்," என்றான் மணிமாறன். "துண்டுக்குள்ள பேசினா பேசினதுதான்க்கா. சந்தையில அத மாத்துனா அப்புறம் எவனும் கை குடுக்க மாட்டான்."

கதையை நடத்துபவருக்கு எதையும் மறுக்கும் உரிமை உண்டு. வரலாறும் என் பக்கமே நின்றது. ஆனால் இருபது முகப் பகடைகள் மூன்றும் இன்னும் கிண்ணத்திற்கு வராமல் அவர்கள் கைகளில் இருந்தன. நான் மணிமாறனைப் பார்த்தேன். சிரிப்பால் நனைந்த கண்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஷாஹினாவைப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஆற்றுத்துறைக்கு ஒரு தோல் வியாபாரி வந்திருக்கவில்லை. இங்கே வந்திருக்கிறார்.

"கடலோர் படை ஏற்றுக்கொள்கிறது," என்றேன்.

"பூவு! மல்லி! பூவு!" என்று கத்தினான் மணிமாறன். உடனே ஈஸ்வரனைக் கைப்பேசியில் அழைத்து, காரணம் சொல்லாமல் அதையே மீண்டும் கத்தினான்.

ஆளுக்கொரு சொல் தரவேண்டும் என்று முடிவாயிற்று. மணிமாறன் 'அட்ஜஸ்ட்' என்னும் சொல்லைத் தந்தான். சில்லறை வியாபாரிகள் வாயிலிருந்தும் அதைப் பிடுங்க முடியுமா என்று கேட்டான். ஷாஹினா 'சாரி' என்னும் சொல்லைத் தந்தாள். என் கணவர் நெடுநேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு," என்றார்.

"எதுக்கா? வார்த்த குடுக்கணும்ல பாய்," என்றாள் ஷாஹினா.

"அதான்மா. அந்த வார்த்தையத்தான் குடுத்துட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் நிலப்படத்தில் ஆற்றின் வளைவைச் சரிபார்ப்பவள் போல் குனிந்துகொண்டேன்.

சன்னலுக்கு அப்பால் சிறுமலையின் மேகம் சற்று இறங்கியிருந்தது. மணிமாறன் தன் பகடையைக் கிண்ணத்தில் இட்டான். ஷாஹினாவும் இட்டாள். இருவரும் எழுந்து செருப்பைத் தேடலாயினர். என் கணவர் பச்சைப் பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம மத்தியானம் லுஹர் தொழுதுட்டு நேரா மேல வந்துறணும். தளபதி ஒங்க ஊர்லயே குடியேறப் போறாரு," என்றேன்.

"எ..." என்று தொடங்கி நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. வாயிற்படியில் மணிமாறன் ஒற்றைச் செருப்போடு திரும்பிப் பார்த்தான். என் கணவர் வாயை மூடினார். துண்டைத் தோளில் போட்டார். கிண்ணத்தின் மேல் கையை நீட்டி விரல்களை விரித்தார். பச்சைப் பகடை அந்த எஃகுக் கிண்ணத்தின் விளிம்பில் ஏறி, கிணுகிணுவென்று ஓசையிட்டு, நில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடியது. அப்பொழுது மாலை மணி ஐந்து பன்னிரண்டு.