இரண்டு அங்குலம்

படகுத்துறையின் தராசு அன்று முரண்டு பிடித்தது. யார் ஏறினாலும் முள் நாற்பதைத் தாண்டவில்லை. எடை தெரியாமல் மிதவை விமானத்தைக் கிளப்ப முடியாது. எழும்பாமல் நேரே போய் எதிர்க்கரை மரங்களில் செருகிக்கொள்ளும். விமானி ஜோசி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"சரி, அவங்கவங்க எடையை அவங்கவங்க வாயாலயே சொல்லுங்க."

வினிபெக்கிலிருந்து வந்திருந்த பல் வைத்தியர்கள் இருவரும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு ஆளுக்கொரு எண் சொன்னார்கள். வயிற்றை இழுத்தால் விமானத்துக்குப் பாரம் குறைந்துவிடுமாம்! அடுத்து நின்றது அகாத்தா டூக். அறுபத்தாறு வயது, இந்தப் பக்கம் வருவது இதுவே முதல் தடவை.

"நூத்தி எம்பத்தி மூணு பவுண்டு. காலைல ஷூவோட நின்னு பார்த்தேன். ஷூவைக் கழிச்சிராதே, அதுவும் என்கூடத்தான் வருது."

ஜோசி வாய்விட்டுச் சிரித்தாள். "ஒன்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன், உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள் நீங்கதான். மத்தவங்களுக்கெல்லாம் நானே பத்து கூட்டிப் போட்டுக்குவேன்." அப்புறம் அகாத்தாவின் கணவரைப் பார்த்துக் கண்ணடித்தாள். "உங்களுக்கு எவ்வளவு கூட்டட்டும், மிஸ்டர் டூக்?"

கொர்னீலியஸுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் எடையைப் பற்றித்தான் கேட்டாள்.

ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் சாம்பல் வாத்து ஏரியில் கொர்னீலியஸ் டூக் ஒரு பொய் சொன்னார். ஆயுசுக்கும் தானியக் கிடங்கு யந்திரங்களை ரிப்பேர் பார்த்த மனிதர், மென்னோனைட் கிறிஸ்தவ சபையில் மூப்பர், அடுத்தவன் ஆணியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அப்படிப்பட்டவர் நாற்பத்தாறு அங்குல ஜாக் மீனை, அதாவது அந்த ஏரியின் நீள மூக்கு வேட்டை மீனைப் பிடித்து, நாற்பத்தெட்டு என்றார். அந்த ஏரியில் பெரிய மீனைக் கொல்லக் கூடாது. தண்ணீரில் வைத்தபடியே அளந்து விட்டுவிட வேண்டும். மீன் போய்விட்டால், மனுஷன் சொன்ன எண் ஒன்றுதான் மிச்சம். வழிகாட்டி வில்ஃப்ரெட் லிங்க்லேட்டர் தலைப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார். அளவு நாடாவைப் படித்தவர் கொர்னீலியஸ். அவர்கள் தங்கும் மீன்பிடி விடுதியின் பழைய சாதனை நாற்பத்தேழு என்று விமானத்தில் எவனோ ஒருவன் அளந்துவிட்டிருந்தான். அது மண்டையில் உட்கார்ந்திருந்ததால் வாய் தானாக நாற்பத்தெட்டு என்றது. சாயங்காலம் விடுதியின் சாதனைப் பலகையைப் பார்த்தால் பழைய சாதனை வெறும் நாற்பத்தைந்து! நாற்பத்தாறே போதுமாயிருந்தது. அந்தப் பொய்க்கு ஒரு அவசியமும் இருந்திருக்கவில்லை.

ஆனால் அதற்குள் மணி அடித்தாகிவிட்டது. சாதனை முறிந்தால் வழிகாட்டி தூரத்திலேயே துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிப்பார். விடுதிக்காரி மார்ஜோரி ஃப்ளெட் துறையில் தொங்கும் மணியை அடிப்பாள். சமையலைப் போட்டது போட்டபடி எல்லோரும் ஓடி வருவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. சாதனைக்காரருக்குத்தான் அடுப்பருகே மேசைத் தலைமாட்டு நாற்காலி. அவர் தங்கியிருக்கும் நாளெல்லாம் சாப்பாட்டு ஜெபமும் அவர்தான் சொல்ல வேண்டும். பதினான்கு கோடைகளாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, "சத்தியமுள்ள பிதாவே" என்று கொர்னீலியஸ் ஆரம்பிக்கும்போதெல்லாம் நாக்கு கூசும். அப்புறம் எங்கே சாப்பாடு இறங்கும்! எவனாவது ஒரு நாற்பத்தொன்பதைப் பிடித்துத் தொலைக்க மாட்டானா என்பதுதான் அவருடைய உண்மையான ஜெபம். ஒருவனும் பிடிக்கவில்லை.

வழக்கமாகக் கூட வரும் மைத்துனர் இந்த வருஷம் இடுப்பை உடைத்துக்கொண்டார். "அப்போ நான் வரேன். நாப்பத்தெட்டு அங்குலம் எந்த இடத்துல மாட்டிச்சுன்னு நானும் பார்க்கணும்" என்றாள் அகாத்தா. கொசு கடிக்கும், குளிரும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் பெட்டி கட்டி முடித்துவிட்டாள்.

விடுதியில் கால் வைத்ததும் அவள் முதலில் போனது பலகையிடம்தான். மேலே கணவர் பெயர், பக்கத்தில் 48. கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டாள். "வீட்ல இதைப் பத்திக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்றாள் மார்ஜோரியிடம். "ஆனா எழுத்துல பார்க்கும்போது பெருமையாத்தான் இருக்கு." கொர்னீலியஸ் பெட்டியை எடுத்துவருகிற சாக்கில் வெளியே நழுவினார்.

மூன்றாம் நாள் காலை வில்ஃப்ரெட்டின் படகில் மூவரும் ஏரியின் வடமுனைக்குப் போனார்கள். அகாத்தாவுக்குத் தூண்டில் வீசத் தெரியாது. இரண்டு தடவை வில்ஃப்ரெட்டின் தொப்பியைத்தான் பிடித்தாள்.

"தொப்பியை அளக்க வேண்டாம், அகாத்தா. அது சின்னது, விட்ருங்க" என்றார் வில்ஃப்ரெட்.

"வாயை மூடிட்டு மோட்டரைப் பாரு."

பத்து மணி வாக்கில் அவளுடைய தூண்டில் அடியில் எதிலோ சிக்கியது. பாறை என்று நினைத்து இழுத்தாள். பாறை திருப்பி இழுத்தது. அம்மாடி! அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லி மாளாது. கம்பு வளைந்து தண்ணீரைத் தொட்டது, நூல் கீச்சிட்டுக்கொண்டு ஓடியது, அகாத்தா சபையில் ஒருவரும் கேட்டிராத வார்த்தை ஒன்றைச் சொன்னாள். கொர்னீலியஸ் கம்பைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"தொட்டே, உன்னைத் தண்ணிக்குள்ள தள்ளிருவேன்!"

இருபத்தைந்து நிமிஷம் போராடினாள். கடைசியில் படகோரம் பச்சைப் புள்ளிகளோடு அது உருண்டது. வில்ஃப்ரெட் வலைத் தொட்டிலை அடியில் விட்டுத் தலையைப் பிடித்தார். அகாத்தா வாலைப் பிடித்தாள்.

"கொர்னி, டேப்பை நீ படி" என்றார் வில்ஃப்ரெட்.

நாடாவை மீனின் மேல் நீட்டினார். வாலின் நுனி நாற்பத்தேழில் நின்றது. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாற்பத்தொன்பது என்று சொல்லிவிட்டால்? ஒரே ஒரு வார்த்தை. அகாத்தாவுக்கு மணி அடிக்கும். பலகையில் தன் பெயர் கீழே இறங்கும். நாற்காலி போகும், ஜெபம் போகும், பதினான்கு வருஷப் பாரம் போகும். யாருக்கும் நஷ்டமில்லை; மீன் எங்கே வந்து சாட்சி சொல்லப்போகிறது! வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். அகாத்தா முகமெல்லாம் மீன் கொழகொழப்போடு, மூச்சை அடக்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூவோடு எடை பார்த்த பொம்பளை. தெரியாமலேயே அவளையும் பொய் நாற்காலியில் உட்கார வைப்பதா? அவளும் கண்ணை மூடி "சத்தியமுள்ள பிதாவே" என்று சொல்லவா?

"நாப்பத்தேழு" என்றார்.

"நாப்பத்தேழா!" அகாத்தா குழந்தைபோலக் கூவினாள். "உன்னோடதைவிட ஒரே அங்குலம் கம்மி! ரெண்டாவது நான்தான்! போதுண்டா சாமி, புருஷனுக்கு அடுத்த இடம் கிடைச்சாப் போதும்."

மீனை விட்டார்கள். அது ஒரு வால் வீச்சில் இருட்டுத் தண்ணீருக்குள் போயிற்று. போகும்போது கொர்னீலியஸின் சட்டையெல்லாம் நனைத்துவிட்டுப் போயிற்று.

மதியம் கரையில் தீ மூட்டி, காலையில் பிடித்த சின்ன மீன்களைப் பன்றிக் கொழுப்பில் பொரித்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் வதக்கி வில்ஃப்ரெட் தட்டில் போட்டார். அகாத்தா மூன்று முறை அதே கதையை முதலிலிருந்து சொன்னாள். ஒவ்வொரு முறையும் "நாப்பத்தெட்டு மட்டும் இல்லேன்னா மணி எனக்குத்தான்" என்று முடித்துவிட்டு, புருஷன் முதுகில் செல்லமாகத் தட்டினாள். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் அவருக்குச் சம்மட்டி அடி. தட்டில் மீன் ஆறிப்போய் அப்படியே இருந்தது. இவள் ஆசைப்பட்டு வந்ததே இந்த ஒரு தடவைதான், அந்த மணியையும் நான் திருடிவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

நாலு மணிக்குத் திரும்பினார்கள். முனை திரும்பியதும் துறை தெரிந்தது. மார்ஜோரி மணிக்கயிற்றின் பக்கத்தில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடுப்பு தூக்கவில்லை என்றதும் உள்ளே போகத் திரும்பினாள்.

"மோட்டரை நிறுத்து, வில்ஃப்ரெட்" என்றார் கொர்னீலியஸ்.

"என்னாச்சு, எதையாவது விட்டுட்டியா?"

"நிறுத்துன்னா நிறுத்து!"

மோட்டார் நின்றது. படகு லேசாக ஆடியது. கொர்னீலியஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் மீன் நாப்பத்தெட்டு இல்ல. நாப்பத்தாறு. நான்தான் ரெண்டு அங்குலம் சேர்த்துச் சொன்னேன். பொய் சொன்னேன், அகாத்தா."

மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது. "பதினாலு வருஷமாவா?"

"ஆமா."

"நம்ம பொண்ணு கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சுச் சொன்னியே?"

"ஆமா."

"அப்போ நான் சொன்னது? தையல் சங்கத்துல எத்தனை பேர்கிட்ட நான் பீத்திக்கிட்டிருப்பேன்! உன் தங்கச்சி டீனா, நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்காதுன்னு சொன்னதுக்கு, என் புருஷன் பொய் சொல்ல மாட்டான்னு அவகிட்ட மல்லுக்கு நின்னேன். ஒன்றரை வருஷம் அவ மூஞ்சில முழிக்கல. என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டியே, பாவி!"

கொர்னீலியஸ் தலை குனிந்தார். ஆனால் என்ன அதிசயம், வெட்கத்தில் முகம் எரிந்தாலும் நெஞ்சு லேசாகிக்கொண்டே போனது. பதினான்கு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு, அப்பாடா என்று முழுசாக வெளியே வந்தது. அவருக்கு அழுகையும் வந்தது. மறைக்கவில்லை.

வில்ஃப்ரெட் துடுப்பை எடுத்து அவர் மடியில் வைத்தார். பிடியிலிருந்து கீழே, சாதனை மீன் ஒவ்வொன்றின் நீளத்துக்கும் ஒன்றாக, வரிசையாகக் கத்தி வெட்டுகள். "கடைசி வெட்டு உன் மீன். அன்னைக்கே போட்டது. டேப்பை வச்சுப் பாரு."

கொர்னீலியஸ் அளந்து பார்த்தார். சரியாக நாற்பத்தாறு.

"உனக்குத் தெரியுமா? அன்னைக்கேயா?"

"தலையைப் பிடிச்சிருந்தவன் நான்தானே. எத்தனை ஜாக் மீன் இந்தக் கையில போயிருக்கு."

"ஏன்யா சொல்லல? நீயும்தானே துடுப்பைத் தூக்கினே?"

"நாப்பத்தாறுக்கும் மணி உண்டுதானே. அதுக்குத் தூக்கினேன். மிச்ச ரெண்டு அங்குலம் உன்னோடது, அதை நான் எப்படிச் சொல்றது?" வில்ஃப்ரெட் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "ஆனா ஒவ்வொரு வருஷமும் உன் படகு எனக்குத்தான்னு மார்ஜோரிகிட்டக் கேட்டு வாங்குவேன். இந்தத் தடவை சொல்லுவான், இந்தத் தடவை சொல்லுவான்னு. முதல் வருஷமே நீ சொல்லிருவேன்னு நினைச்சேன். நீ ரொம்ப லேட்டு, கொர்னி."

அகாத்தா மூக்கைச் சிந்தினாள். இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்தாள். அப்புறம் ஏதோ உறைத்தவளாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இரு இரு. அப்போ எது பெரிசு?"

"உன்னோடதுதான்" என்றார் கொர்னீலியஸ்.

"அப்புறம் ஏன்யா மசமசன்னு உட்கார்ந்திருக்கே, வில்ஃப்ரெட்? தூக்கு துடுப்பை!"

மணிச்சத்தம் ஏரியின் அந்தக் கரை வரை போயிற்று. பல் வைத்தியர்கள் ஒருவர் செருப்போடும் ஒருவர் வெறுங்காலோடும் ஓடி வந்தார்கள். துறையில் இறங்கியதும் கொர்னீலியஸ் எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை உள்ளதைச் சொன்னார். மார்ஜோரி இடுப்பில் கை வைத்து முழுசும் கேட்டாள்.

"என் மேசைல பதினாலு வருஷம் பொய்க்காரன் ஜெபம் பண்ணியிருக்கான். ரொட்டி ஏன் அப்பப்போ கருகுதுன்னு இப்பத்தான் புரியுது" என்றாள். அப்புறம் அவர் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். "உள்ள வா. பலகைலேர்ந்து உன் பேரை எடுத்துரவா?"

"எடுத்துரு" என்றார் அவர்.

"எதுக்கு எடுக்கணும்?" என்றாள் அகாத்தா. "எனக்குக் கீழ போடு. நாப்பத்தாறுன்னு போடு. அது நிஜமாப் பிடிச்ச மீன்தானே."

சாயங்காலம் அடுப்பருகே தலைமாட்டு நாற்காலியில் அகாத்தா உட்கார்ந்தாள். கொர்னீலியஸ் பெஞ்சில் பல் வைத்தியர்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். அவள் கண்ணை மூடினாள். "சத்தியமுள்ள பிதாவே, மீனுக்கும் ரொட்டிக்கும் நன்றி. லேட்டானாலும் வாயைத் திறந்தானே, அதுக்கும் நன்றி. டீனாகிட்ட இவன் மன்னிப்புக் கேக்கும்போது அவ ரொம்பச் சிரிக்காம பார்த்துக்கோ. ஆமென்."

கொர்னீலியஸ் சாப்பிட்டார். எப்படிச் சாப்பிட்டார் என்கிறீர்கள்! மூன்று தடவை மீன், இரண்டு தடவை பீன்ஸ், கருகிய ரொட்டி ஓரத்தைக்கூட விடவில்லை. மார்ஜோரி சட்டியைச் சுரண்டிக் காட்ட வேண்டியதாயிற்று. அகாத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. தீர இன்னும் நாளாகும். ஆனாலும் தன் தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

"நாளைக்கும் வடமுனைக்கே போலாம், வில்ஃப்ரெட்" என்றாள். "நிஜமாவே ஒரு நாப்பத்தெட்டைப் பிடிச்சுட்டுத்தான் இவன் வீட்டுக்கு வரணும்."

"பிடிச்சா?" என்றார் வில்ஃப்ரெட்.

"டேப்பை நான் படிக்கிறேன்."