கூர்ப்பக்கம்

என் மனுசன் எட்வேட் ஒரு பயந்தாங்கொள்ளி. அந்தப் பயம்தான் இத்தனை வருசமாக அவரைக் காப்பாற்றி வந்தது. அவருடைய தம்பி கரையில் கிடந்த, சண்டைக் காலத்துச் செல் குண்டு ஒன்றைச் சும்மா தட்டிப் பார்த்தவன். எங்களுக்குக் கிடைத்தது அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரம் மட்டும். அதற்குப் பிறகு, கூராக எது சிக்கினாலும் இவர் வலையை அறுத்து அதோடேயே கடலில் விட்டுவிடுவார்.

போன மாதம் கரைவலையில் ஒன்று ஏறியது. முழங்கை நீளம், ஒரு முனை கூர், உடம்பெல்லாம் சிப்பி. “செல்” என்று இவர் கத்த, பேசாலைக் கரையே ஓடியது. ஆமிக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். வெறும் மண்சாடி. ஊரும் சேர்ந்து சிரித்தது. இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சாடியைக் கழுவியாயிற்று, வந்து பாருங்கள் என்று ஹிதாயா மிஸ் இன்று கூப்பிட்டார். பழம்பொருள் ஆராய்கிற, முசலி ஊர்ப் பிள்ளை. இவர் கடலுக்குப் போய்விட்டதால் நான் மட்டும் மன்னாருக்குப் போனேன்.

“ரோமர் காலத்துச் சாடி அக்கா. கப்பல்ல சாமான் கொண்டு வாறது. இது சின்ன வகை. உள்ளுக்குத் தார் மாதிரிக் கீல் பூசியிருக்கு, ஒழுகாம. கூர்ப்பக்கம் முழுக்கக் கெட்டி மண், மணலுக்குள்ள குத்தி நிறுத்த. வாய் மற்றப் பக்கம்.”

தூக்கிப் பார்த்தேன். ஒரு கைக்கே பாரமில்லை.

“மூடியோட ஒண்டு கிடைச்சா, உள்ளுக்கு என்ன வந்ததெண்டு சொல்லலாம். எட்வேட் அண்ணனிட்டயும் சொன்னனான். இனிப் பயப்பிடாம எடுங்கோ எண்டு.”

எனக்கு அது பிடிக்கவில்லை. ஊர் சிரித்தது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் அவருடைய போன் வந்தது. குரலில் அப்படியொரு சந்தோசம்.

“அன்ரோனெற், இன்னொண்டு ஏறியிருக்கு. மூடியோட. ஓடப் பாத்த ஆக்களை நான்தான் மறிச்சனான். எல்லாரும் சுத்தி நிக்கினம்.”

“கனக்குதோ?”

“சரியான கனம். உள்ளுக்குச் சாமான் இருக்குப் போல.”

ஹிதாயா மிஸ் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். நான் போனில் கத்தினேன்.

“இஞ்சருங்கோ, அதை வைச்சிட்டுத் தள்ளிப் போங்கோ. மூடி எந்தப் பக்கம்?”

“இப்ப நீ பயப்பிடத் தொடங்கிட்டியோ?” அவர் சிரித்தார். “கூர்ப்பக்கம்தான். பிடிச்சுத் திருப்பினா நல்லாச் சுத்துது.”