ஷல்கானியின் ஐஸ் பை

லிஃப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டது. கெய்ரோவின் துக்கி பகுதியிலிருந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க யாரோ ஏறி வரும் சத்தம். ஷல்கானிதான்! நுஹா அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கெய்ரோ கல்யாணங்களில் கீபோர்டு வாசிக்கும் அறுநூறு பேர் அவர் பேச்சைக் கேட்பவர்கள். அத்தனை பேர் லேப்டாப்பிலும் நுஹா எழுதிய இசை மென்பொருள்தான். புதிய பதிப்பு வந்ததிலிருந்து ஒரே கூச்சல்: 'ஸ்வரம் கெட்டுப்போச்சு!'

"முதல்ல அவங்க கேக்கிறதைச் செய். உன் வேலை அப்புறம்" என்று முதலாளி வஜ்தி காலையிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அவள் வேலை, பாட்டின் நடுவே மென்பொருள் திடீரென்று நின்றுபோகும் கோளாறைச் சரிசெய்வது. இரண்டு வாரம் கேட்டிருந்தாள்.

"அதைப் பத்தி ஒருத்தராவது புகார் எழுதினாங்களா?" என்று மடக்கியிருந்தார் வஜ்தி.

ஒருத்தரும் இல்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

ஷல்கானி நாற்காலியில் விழுந்தார். "இன்ஜினியரம்மா, ஸீகா ராகம் வாசிச்சா பல்லு கூசுது!"

"இப்பதான் சார் அந்தக் கால் ஸ்வரம் ரெண்டு ஸ்வரத்துக்கும் கச்சிதமா நடுவுல நிக்குது."

"எங்க காது என்ன தராசா? நான் கொஞ்சம் ஏத்தி வைப்பேன், தன்தா ஊர்க்காரன் இறக்கி வைப்பான். அதுக்குன்னு திரையில ஒரு குமிழ் இருந்துச்சே, எந்த மகராசி தூக்குனது?"

மகராசி கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திரை சுத்தமாக இருக்கட்டும் என்று மறைத்ததே அவள்தான். ஒரே ஒரு வரியை மாற்றினாள். குமிழ் திரும்பி வந்தது.

ஷல்கானி அதைத் திருகினார், மேசையிலிருந்த கீபோர்டில் வாசித்தார், கண்ணை மூடினார். "அல்லாஹ்!"

"வேற ஏதாச்சும் குறை இருக்கா சார்?"

"உங்க மேல இல்லம்மா. இந்தப் பாழாப்போன லேப்டாப் சூடாகி நின்னுடுது. போன வியாழன் கல்யாணப் பொண்ணு மேடையேறும்போது நின்னுச்சு, மானமே போச்சு. நாங்க எல்லாருமே பெப்ஸி குளிர வைக்கிற தொட்டியில இருந்து ஐஸ் அள்ளி, பையில கட்டி அடியில வைக்கிறோம்."

பக்கத்து மேசையிலிருந்த வஜ்தியின் தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகும் பாதி வழியில் நின்றது.

"சூடு இல்ல சார். எங்க மென்பொருளோட தப்பு" என்றாள் நுஹா. சொன்னதும் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது.

"அப்ப ஆறு மாசமா நான் ஐஸுக்கு அலைஞ்சது?" ஷல்கானி முதலாளி பக்கம் திரும்பினார். "இவங்களை இனி வேற வேலைக்கு விட்டீங்க, அறுநூறு பேரோட படியேறி வருவேன்!"

"ரெண்டு வாரம்" என்றார் வஜ்தி அவசரமாக. "ஆரம்பிம்மா."

ஷல்கானி வாசலில் நின்றார். "அதுவரைக்கும் ஐஸ் பை?"

நுஹா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். "பெப்ஸிக்கே திருப்பிக் குடுத்துடுங்க சார்."