பேர் அடித்த பிளேட்டு

மூன்று மாதம் வெல்டிங் படித்த மதிக்கு ஒரு ராடு பற்றவைக்கத் தெரியாது. திருவொற்றியூரில் வளையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். மெஷின் ஒன்று உண்டு. அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு மூலையில் நிறுத்தியிருந்தார்கள், கரண்ட் கொடுக்கவேயில்லை. கேட்டால், "பில்டிங் லோடு தாங்காதும்மா" என்பான் மேனேஜர் ஷிபின். யாராவது பெரிய ஆள் வந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் குனிந்து நிற்க வேண்டும், போட்டோவுக்கு. மற்ற நாளெல்லாம் "குட் மார்னிங் சார்" சொல்லப் பயிற்சி.

தேர்வு நாளன்று மதி சீக்கிரமே போய்விட்டாள். பின்பக்கச் சந்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம். கூலிக்குப் பிடித்து வந்த வெல்டர் துரை குந்தியபடி, இரும்புத் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஆறிய பிளேட்டுகளில் எழுத்து பொறிக்கும் இரும்பு அச்சை வைத்துத் தட்டிப் பேர் அடித்திருந்தார். நவ்ரீன். பீம்ராவ். மதி.

"இன்னாண்ணே இது?"

"உங்க பரிச்சைதாம்மா. நீ எய்திட்டே. சோக்கா கீது பாரு."

சோக்காகத்தான் இருந்தது. நூல் பிடித்தாற்போல ஒட்டு. அதில் தன் பேரைப் பார்த்ததும் மதிக்கு வாயெல்லாம் புளித்தது. எவனோ தின்றுவிட்டுப் போன இலையில் தன்னை உட்கார வைத்தது போல.

"எங்களுக்கே சொல்லிக் குடுத்துருக்கலாமேண்ணே?"

"அதுக்கு என்னிய கூப்டலியே. இதுக்குத்தான் கூப்ட்டாங்க."

எண்ணூரில் ஒரு கப்பல் ரிப்பேர் பட்டறையில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். அங்கே முதல் வாரமே ராடைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, கொஞ்ச நாள் முன்னால் போய் விசாரித்திருந்தாள். "வெல்டிங்ல பாஸ் ஆயிட்டேன்னா வராத. கைரேகை வெச்சதும், ஏற்கெனவே தொழில் கத்துக்கினவன்னு கம்ப்யூட்டரு காட்டிக் குடுத்துரும், அப்ரண்டிஸா சேக்க வுடாது. ஃபெயிலானாகூட வா" என்றார் சூப்பர்வைசர். ஆக, இன்றைக்குப் பாஸானால் எண்ணூரை மறந்துவிட வேண்டியதுதான். இந்த மையம் பிடித்துத் தரும் வேலையோ, வள்ளூர்ப் பக்கம் குடோனில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது.

தேர்வு நடத்த வந்த அதிகாரி வந்ததும் வராததுமாகப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒவ்வொருவராகப் பிளேட்டை நெஞ்சோடு பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, பெருவிரலை ரேகை மெஷினில் வைத்தார்கள். வைத்தால் பாஸ். மதியின் முறை வந்தது.

"சார், இது நான் போட்டது இல்ல. எனக்கு ஃபெயில் போடுங்க."

அதிகாரி எலும்பை உறிஞ்சுவதை நிறுத்தினார். "பாஸ் போடச் சொல்லி அழுத பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். பாஸானா உனக்கு என்னம்மா கொள்ளை?"

"பாஸானா என்னிய எவனும் கத்துக்க வுட மாட்டான் சார்."

"ஒரு ஃபெயில் விழுந்தா பேட்ச் மொத்தத்தையும் தோண்டுவாங்க" என்று ஷிபின் பல்லைக் கடித்தான். "விரலை வை, மதி."

"வெச்சுட்டு வாடி, பேஜாரு பண்ணாத. பசி உயிரு போவுது" என்றாள் நவ்ரீன்.

"நீ வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன். நானும் வெல்டரு, போ."

எல்லோரும் சிரித்தார்கள். ஷிபின் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெஷினுக்கு இழுத்தான். மதி விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கைய வுட்றா, கலீஜு!"

அவள் போட்ட அதட்டலில் அவன் பிடி தளர்ந்தது. வாசலில் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த துரை தலையைத் தூக்கவில்லை.

"சாப்பிடுற நேரத்துல என்னய்யா ரகளை?" அதிகாரி ஏப்பம் விட்டார். "இவ வரவே இல்லைன்னு போட்டுடறேன். வராதவளை எவன் தோண்டப் போறான்?"

ஷிபினுக்கு முகம் தெளிந்தது. "துரை, அந்தப் பிளேட்டுல பேரைத் தேய்ச்சு எடுத்துடு. அடுத்த பேட்சுக்கு ஆகும்."

மதி நகரவில்லை. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"போடுங்க சார். பாத்துட்டுத்தான் போவேன்."

அவருடைய எண்ணெய் விரல் ரேகை மெஷினின் திரையில் வழுக்கி வழுக்கி, கடைசியில் அவள் பேருக்கு நேரே சிவப்பாக விழுந்தது: ஆப்சென்ட்.

"சர்ட்டிபிகேட்டு இல்லாம எவன்டி உனக்கு வேலை குடுப்பான்?" என்றான் ஷிபின்.

"வேல எவன் கேட்டான்? கத்துக்கத்தான் போறேன்" என்றவள், எண்ணூர் பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினாள்.