பால்கனி தனி

தேரில் வரும் நடராஜரைப் பார்க்க ஆயிரத்தைந்நூறு ரூபாய். காபிக்குத் தனி.

சிதம்பரம் கீழவீதியில் பழைய வீடொன்றைப் 'பாரம்பரிய மாளிகை' ஆக்கி ஓட்டல் நடத்தியவர்கள் போனில் இப்படித்தான் சொன்னார்கள். அறைக்கு மூவாயிரம், தேரன்று பால்கனிக்கு மேற்கொண்டு ஆயிரத்தைந்நூறு. கடலூர் முதுநகரில் மல்லாட்டை எனும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த கலியமூர்த்திக்குக் காது சிவந்துவிட்டது.

“வீதியில சும்மா வர்ற சாமிக்கு டிக்கெட் கிழிக்க இவன் யாரு?”

ஆனால் அறை எடுத்தே ஆகவேண்டும். மனைவி தங்கம்மாளுக்கு மூட்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கூட்டத்தில் நிற்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து மார்கழித் தேரைத் தவறவிடாதவள். இந்த 2010-லும், “உக்காந்தாவது பாத்துடணுங்க” என்றாள்.

மேலவீதியில் இன்னொரு மாளிகை இருந்தது. அதே மரத்தூண், அதே பித்தளை உருளி, உருளியில் அதே மிதக்கும் பூ. கலியமூர்த்தி நேரிலேயே போய் உட்கார்ந்து, மூவாயிரம் சொன்ன மேனேஜர் ராஜகணேஷை இரண்டாயிரத்து முந்நூறுக்கு இறக்கினார்.

“பால்கனி?”

“ரூமை ஒட்டியே இருக்கு சார்.”

“அதுக்குத் தனி சார்ஜு?”

“நீங்க ஒண்ணும் தர வேணாம் சார்.”

தேரன்று காலை இருவரும் வந்து பால்கனிக் கதவைத் திறந்தால், அவர்கள் வருமுன்பே அறை வழியாக உள்ளே விட்ட ஒரு கூட்டமே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கட்டில் விளிம்பில் இருந்த தங்கம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்.

“இன்னாய்யா இது?” என்று பெட்டியோடு பின்னால் வந்த ராஜகணேஷைக் கேட்டார்.

“நீங்க ரூமுக்குத்தான சார் பேசினீங்க? பால்கனிக்கு ஆளுக்கு இருநூறு வாங்கிட்டோம். அவ்ளோ இறக்குனா எங்கனா புடிக்கணும்ல?”

குடியானவனிடம் மூட்டைக்கு விலை பேசி முடித்துவிட்டு, 'சாக்கு தனி' என்று காலமெல்லாம் காசு கழித்துவந்தவருக்குத் தன் வித்தையே எதிரே வந்து நிற்பது புரிந்தது. அதற்குள் பால்கனியிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, வேறு வழி இல்லாததால் அவர் அறைக்குள்ளேயே நடந்துவந்து, “பாத்ரூம் எங்க?” என்றாள்.

கலியமூர்த்தி நாற்காலியை இழுத்துக் கதவு நிலையில் போட்டு உட்கார்ந்தார்.

“தம்பி, பால்கனி உன்னுது. வழி என்னுது. போக ஐம்பது, வர ஐம்பது. பாத்ரூமுக்கு நூறு.”

“சார், கஸ்டமருங்க சார்!”

“நான் இன்னா, உருளியில மிதக்கிற பூவா? முன்வரிசையில எங்க வூட்டம்மாவுக்கு ஒரு சேர் போடு. அப்புறம் பேசு.”

மேளம் நெருங்கியது. அந்த அம்மாள் தவித்தாள். ராஜகணேஷ் வேறு வழியின்றி நாலு பேரைக் கெஞ்சி நகர்த்தி, தங்கம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன்னால் உட்கார வைத்தான்.

அதோடு விட்டிருக்கலாம். “கட்டுன வாடகையில ஐநூறு கழி” என்று கலியமூர்த்தி அவனை மறித்துக்கொண்டார்.

“ஏங்க, தேர் வந்துடுச்சு! வாங்க!”

“தோ வர்றேன் தங்கம். முந்நூறா? அது ஆவாது தம்பி…”

ஐநூறு பைக்குள் விழுந்த பிறகுதான் பால்கனிக்கு ஓடினார். நடராஜர் கடந்துபோயிருந்தார், பின்னால் சிவகாமியும். கடைசியாக ஆடி வந்த சின்னத் தேரில் இருந்தது சண்டிகேசுவரர், சிவன் சொத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்.

தங்கம்மாள் கண்ணைத் துடைத்தபடி திரும்பினாள். “கண் குளிரப் பாத்துட்டேன். நீங்க பாத்தீங்களா?”

“கணக்குப்பிள்ளையைப் பாத்தேன்.”

அறை இரண்டாயிரத்து முந்நூறு. கழிவு ஐநூறு போக, கொடுத்தது ஆயிரத்தெண்ணூறு. தங்கம்மாள் பங்கு முழுசாக வந்து சேர்ந்தது. கலியமூர்த்திக்கு வரவேண்டிய நடராஜர் பாக்கி.