நாற்காலி ஃபைல்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றி எண்ணெய் விடுவார், அப்புறம் அது ஓடாது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் மகளை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போய்த் திரும்புவதற்குள், என் லேப்டாப்பில் இருந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அடியோடு தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டு வைத்திருந்தார்.

"மெதுவா இருக்குன்னு நீதானே புலம்பிட்டே இருந்த? இப்பப் பாரு, பறக்குது. காசும் கிடையாது, வைரஸும் கிடையாது."

பறக்கத்தான் செய்தது. என் டிசைன் சாஃப்ட்வேர் மட்டும் அதில் இல்லை. திரும்பப் போட்டால் இந்த சிஸ்டத்தில் அது ஓடாது என்று திரையில் வந்தது.

"ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார்.

"திறக்க முடியாத ஃபைலை வெச்சு நாக்கு வழிக்கவா?"

சாதாரண நாளாக இருந்தால் இதோடு விட்டிருப்பேன். நான் கடைகளுக்கு அலமாரி வரைந்து கொடுப்பவள். ஒரு அலமாரி ரெண்டு நாள் தாமதமானால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். ஆனால் அன்று எனக்கு வேண்டியிருந்தது என் மகளுடைய நாற்காலி. வீட்டில் அவள் பெயர் வாலு, எட்டு வயசு. இடுப்பில் பலம் கிடையாது, சாதாரண நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். அதனால் பக்கவாட்டில் தாங்கு வைத்து, கால் பலகை வைத்து, பிளைவுட்டில் நானே ஒரு நாற்காலி வரைந்து, மெஷினில் பலகை வெட்டுகிற கடையில் வெட்டி வாங்கியிருந்தேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள், நாற்காலி வளரவில்லை. போன பருவத்தின் கடைசியில் மதியம் தாண்டினாலே வலியில் அழுவாளாம். டீச்சர் ஆபீஸ் ரூமில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிடுவார்.

பிசியோ டாக்டரம்மா அன்று கண்டிப்பாகவே சொல்லிவிட்டார். "இந்தச் சேர்ல இனிமே உக்கார வைக்காதீங்க. புதுசு வர்ற வரைக்கும் ஸ்கூல் வேண்டாம், வீட்ல இருக்கட்டும்." திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. வரும் வழியெல்லாம் வாலு வாயே திறக்கவில்லை. தூங்கும்போதுகூடப் பேசுகிற பிள்ளை அவள்.

வெட்டுகிற மெஷின்காரர் சனிக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை விட்டால் ஒரு மாதத்துக்கு அவருக்குப் பெரிய ஆர்டர். புதிதாக வரைய எனக்கு ஒரு வாரமாவது வேண்டும். பழைய ஃபைலைத் திறந்து அளவை மாற்றினால் ஒரே காலையில் முடிந்துவிடும்.

இதையெல்லாம் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. பழைய சிஸ்டத்தின் சிடி எங்கே என்று தெரியாது. என் சாஃப்ட்வேரோ இந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும் என்று வாங்கியது, வேறு எதிலும் போட முடியாது. திட்ட எனக்கு நிறைய இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் முழுக்க அவர் லேப்டாப்போடு மல்லுக்கட்டினார். பழைய சிஸ்டத்தில்தான் இருக்கிறோம் என்று என் சாஃப்ட்வேரை நம்பவைக்க நடுவில் ஒரு புரோகிராம் இருக்கிறதாம். புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணிடம் "இதுவும் உங்கம்மா வீடுதான்" என்று சொல்வது போல. நான் அதை நம்பியதில்லை, என் சாஃப்ட்வேரும் முதல் மூன்று நான்கு தடவை நம்பவில்லை. திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. கடைசியில் மனசு இளகி நின்றது.

"வந்துருச்சு. ஆனா எழுத்து எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது" என்றார்.

மெனு முழுக்க வெற்றுக் கட்டங்கள். எனக்குக் கவலையில்லை. எந்த வேலைக்கு எங்கே அழுத்த வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். மறுநாள் காலை டாக்டரம்மா எடுத்துக் கொடுத்த அளவுப்படி உட்காரும் பலகையை நீட்டினேன், தாங்கை அகட்டினேன், கால் பலகையை இறக்கினேன். வாலு பக்கத்தில் படுத்துக்கொண்டு, "ஊதா கலர் அடிப்பீங்களா?" என்று கேட்டாள். ஒரு நாள் கழித்து அப்போதுதான் வாய் திறந்தாள். அடிக்கிறேன் என்றேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கடைக்குப் போனோம். நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டேன். அவர் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். எதற்கு இந்தச் சுமை என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார்.

மெஷின்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன கொண்டுவந்தாலும் எடுத்தவுடனே பெரிய பலகையில் வைக்க மாட்டார். ரெண்டு பலகை சேருகிற ஒரு மூலையை மட்டும் கழிவுத் துண்டில் வெட்டி, கையில் பூட்டிப் பார்ப்பார். அன்றும் அப்படியே வெட்டினார். ஒரு துண்டில் காடி, அதாவது அடுத்த பலகை நுழைகிற பள்ளம். இன்னொரு துண்டில் அதில் நுழையும் நாக்கு. நாக்கைக் காடியில் செருகி ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது.

"தங்கச்சி, இதுல பிள்ளைய உக்கார வைக்கப் போறியா?"

அவர் கையிலிருந்து துண்டுகளை வாங்கி அளந்து பார்த்தேன். வெளி அளவுகள் எல்லாம் சரி, காடிகள் மட்டும் அகலம். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது உறைத்தது. காடியின் அகலத்தை என் சாஃப்ட்வேர் பலகையின் தடிமனைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ளும். அந்தத் தடிமன் ஃபைலுக்குள் இல்லை, சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில் இருக்கிறது. அது பழைய சிஸ்டத்தோடு போய்விட்டது. புதிதாகப் போட்டதும் என் மெல்லிய பலகைக்குப் பதில் தடிப் பலகையை எடுத்துக்கொண்டிருக்கிறது.

"ஒரு நம்பர மாத்தினா போதும்ணே. பத்து நிமிஷம் குடுங்க."

"குடுக்கறேன்மா. பெரிய ஆர்டருக்கு லாரி வந்துட்டா என் கையில இல்ல."

மரத்தூளை ஊதிவிட்டு என் வீட்டுக்காரர் லேப்டாப்பை மேஜையில் வைத்தார். சாஃப்ட்வேர் திறந்தது. செட்டிங்ஸைத் திறந்தேன். வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். வாங்கிய அன்று ஒரே ஒரு தடவை தொட்ட இடம் அது. எது தடிமன், எது சுழன்று வெட்டுகிற கத்தியின் விட்டம், எது என்ன என்று ஒரு எழவும் புரியவில்லை. தப்பாக எதையாவது மாற்றினால் மொத்தமும் போச்சு.

அவர் என் கையிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினார். மெஷின்காரரின் கம்ப்யூட்டரைக் காட்டி, "அண்ணே, உங்களது இவ லேப்டாப்ல முன்னாடி இருந்த அதே சிஸ்டம்தானே? ஒரு எழுத்து ஃபான்ட் மட்டும் எடுத்துக்கறேன்" என்றார். எடுத்து, லேப்டாப்பில் எங்கேயோ ஒட்டி, சாஃப்ட்வேரை மூடித் திறந்தார். கட்டங்கள் எல்லாம் எழுத்தாகிவிட்டன.

எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. மெஷின்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் தடிமனை மட்டும் மாற்றினேன்.

மறுபடி வெட்டிய துண்டை மெஷின்காரர் செருகியபோது அது லேசில் நுழையவில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். சிக்கென்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "இப்ப வெட்டலாம்" என்றார். கடைசிப் பலகையை நாங்கள் தூக்கும்போது வாசலில் லாரி ஹாரன் அடித்தது. அடித்துக்கொள்ளட்டும் என்று இருந்தது எனக்கு. இரண்டு நாளாக மூச்சை அடக்கிக்கொண்டே நடந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் வீட்டில் பூட்டி, பஞ்சு வைத்து, வாலுவைத் தூக்கி உட்கார வைத்தோம். ஊதா இன்னும் அடிக்கவில்லை என்று முதலில் ஒரு சண்டை. அப்புறம் பாதங்கள் கால் பலகையில் முழுசாகப் பதிந்தன, முதுகு நிமிர்ந்தது. சாய்கிறதா என்று அவளே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்திப் பார்த்துக்கொண்டாள். பிறகு வரைகிற புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"வாலு, சாப்பிட வா. அப்பா தூக்குவார்."

"நீங்க சாப்பிடுங்க. நான் இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எங்கள் ரெண்டு பேருக்கும் தட்டை எடுத்து வைத்தேன். நாங்கள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அடுப்படியைத் துடைத்து முடிக்கும் வரைக்கும் தூக்கச் சொல்லி அவள் கூப்பிடவே இல்லை.